மூளையும் ஒரு பழைய தீர்ப்பும்

தலையில் எழுதியதை அழிக்கவொண்ணாது என்பர் நம்மவர். விதியை நம்பாத மேனாட்டு விஞ்ஞானிகளும் தலைக்குள்ளிருக்கும் மூளையைப் பற்றி நெடுங்காலம் ஏறக்குறைய இவ்வாறே பேசிவந்தனர் என்பது வியப்பன்றோ?

ஸ்பெயின் தேசத்து ரமோன் இ காஹால், 1906-ல் நோபெல் பரிசு பெற்ற பேரறிஞர். வளர்ந்தோர் மூளையில் நரம்பணுக்கள் மடியலாம், புதியன தோன்றா என்று 1913, 1914-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் நூலில் எழுதினார். தம் காலத்துக் கருவிகள் காட்டியவரையில் அது நேர்மையான முடிவே. பின்வந்தோர் அதனை வேதவாக்காக்கியதே பிழை.

அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன், கதிரியக்கமுள்ள தைமிடின் என்னும் பொருளை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். பிரிந்து பெருகவிருக்கும் அணுவே அதனை உட்கொள்ளும். கோபால் தாஸுடன் 1965-ல் அவர் வெளியிட்ட கட்டுரை, நினைவுக்கு உறுதுணையான ஹிப்போகாம்பஸ் பகுதியில், பிறந்த பின்னும் நரம்பணுக்கள் தோன்றுவதைக் காட்டிற்று. மறுத்தவர் சிலர், பொருட்படுத்தாதவர் பலர். 1977-ல் மைக்கேல் கப்லன் எலெக்ட்ரான் நுண்காட்டியால் காட்டியதற்கும் இதே கதி. 1983-ல் கோல்ட்மன், நோட்டபோம் இருவரும் வளர்ந்த கானரிக் குருவிகளின் மூளையில் புத்தணுக்களைக் கண்ட பிறகே பலர் செவி சாய்க்கலாயினர்.

இனி, அவ்வணுக்களை வளர்ப்பதும் கெடுப்பதும் எவை? 1992-ல் எலிசபெத் கூல்டு முதலியோர், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி விடும் இரசம் எலி மூளையில் அணுப்பெருக்கத்தைத் தடுப்பதை அறிந்தனர். அச்சமும் அலைக்கழிப்பும் மிகுங்கால் சுரப்பது அதுவே. 1997-ல் அவர்கள் ஆராய்ந்தது, துப்பாய் என்னும் மலாய்ச் சொல்லால் விஞ்ஞானப் பெயர் பெற்ற, அணில் போன்ற மரவிலங்கு. தன்னை அடக்கியாளும் மற்றொன்றின் எதிரே விடப்பட்டதும், தாழ்ந்த விலங்கின் மூளையில் அணுப்பெருக்கம் குன்றிற்று. அடக்குமுறை உடலை மட்டுமே வருத்தும் என்பார் இதனைச் சற்றுச் சிந்திப்பாராக!

அதே ஆண்டில் கெம்பர்மன், கேஜ் முதலியோர் சுண்டெலிகளை இரு வகையாக வளர்த்தனர். வெறுங்கூட்டில் கிடந்தவற்றைவிட, விசாலமான கூட்டில் துணையும் குழாய்ப்பாதையும் விளையாட்டுப் பொருளும் பெற்றவற்றிடம் புத்தணுக்கள் மிகுதியாய்ப் பிழைத்திருந்தன. சக்கரத்தில் ஓடுவது மட்டுமே போதும் என்பது 1999-ல் தெரிந்தது. மனச்சோர்வு நீக்கும் சில மருந்துகளைப் பல நாள் உண்ட எலிகளிலும் அணுக்கள் பெருகியதை 2000-ல் கண்டனர்.

மனிதர் நிலை யாது? 1998-ல் எரிக்சன், கேஜ் முதலியோர் புற்றுநோயால் இறந்த ஐவர் மூளையில் புத்தணுக்களைக் கண்டனர். 2018-லோ, வளர்ந்தோரிடம் அவை புலப்படவில்லை என ஒரு கூட்டத்தாரும், 79 வயதிலும் உண்டென மற்றொரு கூட்டத்தாரும் எழுதினர். இறந்தபின் மூளை எத்தனை மணிநேரம் பதப்படுத்தப்படாதிருந்தது என்பதும் அவ்வழக்கில் ஒரு சாட்சியாயிற்று.