'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்' என்றால் என்ன?

கார், கேமரா, மருத்துவமனை, அடுக்குமாடி வீடு என்று எதை விற்றாலும் ஆங்கில விளம்பரங்களில் 'ஸ்டேட்-ஆஃப்-தி-ஆர்ட்' என்ற அடைமொழி வந்துவிடுகிறது. தமிழ் விளம்பரங்களில் அந்த இடத்தில் 'அதிநவீன' என்று இருக்கும். ஆனால் இந்தச் சொற்றொடர் ஆரம்பத்தில் பெருமை பேசுவதற்காக ஏற்பட்டதல்ல.

இதில் வரும் 'ஆர்ட்' ஓவியமோ நடனமோ அல்ல. கட்டடக்கலை, சமையற்கலை என்று தமிழில் சொல்கிறோமே, அந்தக் 'கலை'தான் அது. 'ஸ்டேட்' என்றால் நிலை. ஆக, ஒரு தொழிற்கலை இன்றைக்கு எட்டியிருக்கும் நிலை என்பதே நேரான பொருள்.

அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி ஹாரிசன் சுப்ளீ 1910ல் கேஸ் டர்பைன் பற்றி எழுதிய நூலில் இத்தொடர் வருகிறது. இன்றுள்ள நிலையில் செய்ய முடிந்தது இவ்வளவுதான் என்ற கருத்தில் அவர் அதைக் கையாண்டார். அதாவது, அது ஓர் எல்லையைச் சொன்னது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விளம்பரக்காரர்கள் நடுவே சிறுகோடுகளைப் போட்டு அதை ஒரே அடைமொழியாக்கிப் பரப்பினார்கள். எல்லை போய் பெருமை வந்தது.

சட்டத்தில் மட்டும் பழைய பொருள் நிலைத்துவிட்டது. 1973ல் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின்படி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் பொதுமக்களுக்குக் கிடைத்துவிட்ட அனைத்துமே 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்'. அதில் அடங்கிய எதுவும் புதியது அல்ல. அதற்குக் காப்புரிமையும் கிடையாது! விளம்பரத்தில் மிகப் புதியது, காப்புரிமை அலுவலகத்தில் ஏற்கெனவே தெரிந்தது.

நீதிமன்றத்தில் இது உயிர்ப் பிரச்சினையாகவும் மாறியது. கல்நார் தூசியால் நோயுற்ற தொழிலாளர்கள் அமெரிக்காவில் இழப்பீடு கேட்டபோது, அந்த ஆபத்து அன்றைய அறிவியலுக்குத் தெரியாது என்று நிறுவனங்கள் வாதிட்டன. இந்த வாதத்துக்குச் சட்டத்தில் உள்ள பெயரும் 'ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்'தான். நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1982ல் கல்நார் வழக்கில் அதை ஏற்க மறுத்தது. ஆனால் 1985ல் வந்த ஐரோப்பியப் பொருள் பொறுப்பு விதிமுறை, இதே போன்ற தற்காப்புக்கு இடம் கொடுத்தது.

விற்கும்போது 'இதைவிடச் சிறந்தது இல்லை' என்று சொல்ல உதவும் தொடர், வழக்கு வந்தால் 'அன்றைக்கு எங்களுக்கு இவ்வளவுதான் தெரியும்' என்று சொல்லவும் உதவுகிறது. அந்த இரண்டாவது பொருள்தான் மூத்தது. அடுத்த முறை விளம்பரத்தில் 'அதிநவீன' என்று பார்த்தால், எந்த ஆண்டு நிலவரப்படி என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.