கரிசல் சாலையில் மிதிவண்டி: இரண்டு அரண்மனைகளுக்கு நடுவே

இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் கியாந்தி என்றொரு திராட்சைத் தோட்டச் சீமை இருக்கிறது. ஒயினுக்குப் பெயர் பெற்றது. அங்கு 1997ஆம் ஆண்டு முதல் 'எரோயிகா' என்ற மிதிவண்டிப் பயணம் நடந்து வருகிறது. பழைய காலத்து மிதிவண்டிகளில், தார் போடாத வெண்சரளைச் சாலைகளில், ஊர் ஊராகச் செல்கிறார்கள். அந்தச் சாலைகள் தாருக்கு அடியில் மறைந்துவிடக் கூடாது என்ற அக்கறைதான் அதைத் தொடங்கியவர்களின் நோக்கம். சாலையும் ஒரு வரலாற்று ஆவணம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நமக்கும் அப்படி ஒரு சீமை உண்டு. திராட்சை விளையாது, பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மல்லியும் விளையும். கோவில்பட்டியை நடுவில் வைத்து ஒரு நாள் மிதிவண்டிப் பயணத்தின் தூரத்திற்கு ஒரு வட்டம் வரைந்தால், அதற்குள் எட்டாம் நூற்றாண்டு முதல் இன்றுவரையிலான தமிழக வரலாற்றின் முக்கியமான பக்கங்கள் பல அடங்கிவிடுகின்றன. அந்த வட்டத்திற்குள் மிதிவண்டி வந்து சேர்ந்ததே ஒரு தனி வரலாறு. இக்கட்டுரை இரண்டையும் சேர்த்துப் பார்க்க முயல்கிறது.

முதலில் மண். கரிசல் என்பது களிமண் மிகுந்த மண். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கைநுழையும் வெடிப்புகள். ஐப்பசி மழையில் காலைப் பிடித்து இழுக்கும் சேறு. ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்திருப்பதால்தான் மானாவாரியில் பருத்தி விளைகிறது. அதே குணம்தான் பயணியின் எதிரியும். மழை பெய்த வண்டிப் பாதையில் மிதிவண்டியை இறக்கினால், சக்கரத்திற்கும் மட்கார்டுக்கும் இடையில் மண் அப்பிக்கொண்டு பத்தடிக்குள் வண்டி நின்றுவிடும். குச்சியால் நோண்டி நோண்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். வெயில் காலத்தில் வேறு துன்பம்: கருவேல முள். ஆகவே இப்பகுதியில் சரள் அடித்த சாலை என்பது வசதி மட்டுமல்ல, ஓர் ஊர் மழைக்காலத்தில் உலகத்தோடு சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பதாகவும் இருந்தது.

வடக்கு தெற்காக ஓடும் மதுரை – திருநெல்வேலிப் பெருவழி பழமையானது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தது குறித்த நினைவு தென்மாவட்டங்களில் இன்றும் பேச்சில் இருக்கிறது. பிற்காலத்தில் இந்த மண்ணின் போக்குவரத்தைத் தீர்மானித்தது பருத்தி. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் அந்நாட்டுப் பருத்தியை நிறுத்தியபோது, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. மாட்டு வண்டிகளில் தூத்துக்குடித் துறைமுகத்திற்குப் போய்க்கொண்டிருந்த பொதிகளுக்கு 1876இல் இரயில் வந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடி சென்ற அந்தப் பாதைதான் கோவில்பட்டியை ஊராக இருந்ததிலிருந்து நகரமாக்கியது. 1901இல் அங்கு வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. கருங்கண்ணிப் பருத்தி பற்றிய ஆய்வுகளால் அது பெயர் பெற்றது. பின்னாளில் தீப்பெட்டித் தொழில் வந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் குடும்பங்களுக்குச் சோறு போட்டது அதுவே.

இனி கிழக்கே திரும்புவோம். கோவில்பட்டியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் எட்டயபுரம். அங்கிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், ஓட்டப்பிடாரத்தை ஒட்டிப் பாஞ்சாலங்குறிச்சி. நிதானமாக மிதித்தாலும் மதியத்திற்குள் போய்விடலாம். வரைபடத்தில் பார்க்கும்போது இந்த நெருக்கம் மனத்தில் தைப்பதில்லை. மேடும் பள்ளமும் அதிகமில்லாத அந்த வெட்டவெளியில், எதிர்காற்றில் மிதித்துப் போகிறவருக்குத்தான் இவை அண்டை வீடுகள் என்பது புலப்படும். பகை தொலைவிலிருந்து வந்ததல்ல. வேலி ஓரத்தில் முளைத்தது.

1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை அம்மாதமே நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்ட கட்டபொம்மன், அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை சில நாட்களிலேயே கோட்டையை மீண்டும் எழுப்பினார். அதைக் கண்டு வியந்து எழுதியவர் எதிரணியில் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரிதான். மே 24 அன்று கோட்டை இரண்டாம் முறை வீழ்ந்தது. பிறகு அது தரைமட்டமாக்கப்பட்டது. இன்று நாம் காணும் கோட்டை 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுச் சின்னம். கயத்தாற்றில் சாலையோரம் நிற்கும் கட்டபொம்மன் சிலையை 1970இல் நிறுவியவர், திரையில் அவராக நடித்த சிவாஜி கணேசன்.

எட்டயபுரம் ஆங்கிலேயர் பக்கம் நின்றது. வீழ்ந்த பாளையத்தின் நிலத்தில் பங்கும் பெற்றது. அந்தப் பெயர் தமிழில் ஒரு வசைச்சொல்லாகவே ஆகிவிட்டது. ஆனால் அதே ஊரின் தெருக்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் வேறொரு பட்டியல் கிடைக்கிறது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலம் அங்கே இருக்கிறது. 1835இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி அங்கே இருக்கிறது. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் அச்சேறியது அந்த ஊரில்தான். 1882இல் பாரதி பிறந்த வீடு அங்கே இருக்கிறது. அவருடைய தந்தை சின்னசாமி ஐயர் பருத்தி அரைவை ஆலை தொடங்கி நொடித்துப்போனதும் அங்கேதான். கல்கியின் முயற்சியில், மக்கள் தந்த பணத்தில் எழுந்து 1947 அக்டோபரில் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டபமும் அங்கே இருக்கிறது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? துரோகம் செய்த அரண்மனை என்று எழுதிவிட்டுப் போகலாம். கலை வளர்த்த அரண்மனை என்றும் எழுதிவிட்டுப் போகலாம். இரண்டுமே பாதி உண்மை. வரி கொடுக்க மறுத்த பாளையம் கோட்டையோடு அழிந்தது. வரி கொடுத்துப் பிழைத்த பாளையத்தால் புலவர்களையும் பாடகர்களையும் ஆதரிக்க முடிந்தது. அந்த ஆதரவின் நிழலில் வளர்ந்த சிறுவன்தான் பிறகு அடிமைத்தனத்தைச் சாடினான். வரலாறு இப்படிக் கணக்கு நேர் செய்யாமலே நகர்கிறது. அந்த 30 கிலோமீட்டர் சாலை இந்தச் சிக்கலை அவிழ்த்துத் தருவதில்லை. இரு ஊரையும் ஒரே நாளில் பார்க்க வைத்து, எளிதாகத் தீர்ப்புச் சொல்லவிடாமல் நம்மைத் தடுக்கிறது. அதுவே பெரிய உபகாரம்.

மேற்கே கழுகுமலை. பாண்டியர் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில் முற்றுப்பெறாமல் நிற்கிறது. அதே மலையில் சமணச் சிற்பங்களும், அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. அவற்றில் குரத்தியர் எனப்பட்ட பெண்ணாசிரியர்களின் பெயர்கள் வருகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு இந்த வறண்ட வெளியில் பெண்கள் கற்பித்திருக்கிறார்கள், மாணாக்கர்களைப் பெற்றிருக்கிறார்கள். தெற்கே நெடுஞ்சாலையை ஒட்டி இடைசெவல். கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த சிற்றூர். ஒருவருக்கு 1970இலும் மற்றவருக்கு 1991இலும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பூமணியும் சோ. தர்மனும் இதே வட்டாரத்தின் சிற்றூர்களிலிருந்து வந்தவர்களே.

இந்த ஊர்களை இணைத்ததில் மிதிவண்டிக்குப் பெரும்பங்கு உண்டு. தொடக்கத்தில் அது ராலே, ஹெர்குலிஸ் என்ற பெயர்களோடு இங்கிலாந்திலிருந்து வந்த பணக்காரப் பொருள். 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றி, 1950களில் உள்நாட்டு உற்பத்தி பெருகிய பிறகே அது கிராமத்துக்குள் நுழைந்தது. வாங்க முடியாதவர்களுக்கு வாடகைச் சைக்கிள் கடை இருந்தது. மணிக்கணக்கில் எடுத்து, குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறை ஒன்று உண்டு. கருவாடு, ஐஸ், அலுமினியப் பாத்திரம், தீப்பெட்டிக் கட்டு எல்லாம் கேரியரில் ஏறின. வண்டிமாடு வைத்திருந்தவனுக்கு மட்டுமே உரியதாக இருந்த தூரம், கூலிக்காரனுக்கும் கிடைத்தது.

அதனாலேயே அது சண்டைக்கும் காரணமாயிற்று. தமிழகத்தின் பல கிராமங்களில் தலித்துகள் ஆதிக்கச் சாதியாரின் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் சைக்கிளில் அமர்ந்து செல்லவும் தடை இருந்தது. தெருமுனையில் இறங்கி, உருட்டிக்கொண்டு கடந்து, மறுமுனையில் ஏற வேண்டும். மிதிப்பவனின் தலை திண்ணையில் இருப்பவனின் தலையைவிட உயரத்தில் போகிறது என்பதுதான் குற்றம். அந்தத் தெருவில் இறங்காமல் சென்ற முதல் மனிதர்களின் பெயர்களை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. ஆனால் பாளையக்காரர் போரைவிட அது சிறிய வரலாறு என்று சொல்ல மனம் வரவில்லை.

பெண்களின் கதையும் இப்படித்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது பல்லாயிரம் பெண்கள் பழகினார்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தரத் தொடங்கி, பின்னர் பிற மாணவ மாணவியருக்கும் அதை விரிவாக்கியது. மேல்நிலைப் பள்ளி இல்லாத கரிசல் சிற்றூரில், பத்தாம் வகுப்போடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதா, பதினொன்றாம் வகுப்புக்குப் போவதா என்ற கேள்விக்கு அந்த வண்டி சில வீடுகளிலாவது விடை சொல்லியிருக்கும். கழுகுமலைக் குரத்தியரின் வாரிசுகள் அவர்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இப்போது மதுரை – நெல்லைச் சாலை நான்குவழிச் சாலை. எட்டயபுரத்தைத் தொட்டுச் செல்லும் தூத்துக்குடிச் சாலையும் அப்படியே. கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் சுழல்கின்றன. வேகமாகப் போகிறவர்களுக்கு இந்த ஊர்கள் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்துகள். ஆனால் ஊரிலிருந்து ஊருக்குப் போகும் குறுக்குச் சாலைகள் இன்னும் இருக்கின்றன. தையிலிருந்து மாசிக்குள், மண் காய்ந்து, வெயில் முற்றாத நாட்களில் போகலாம். கையில் பஞ்சர் ஒட்டும் சாமானும் போதிய தண்ணீரும் இருக்கட்டும். வழி கேட்டால் கரிசல்காரர்கள் சொல்வார்கள். கூடவே ஒரு கதையும் சொல்வார்கள். அதையும் கேட்டுவிட்டுப் போவதற்கு நேரம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.