நாடு கடந்த அடுப்பு

ருஷ்ய உணவைத் தமிழர் நாவால் அறியுமுன் கண்ணால் அறிந்தனர். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக மலிவு விலையில் சிற்றூர்களுக்கும் வந்து சேர்ந்த நூல்களில்தான் போர்ஷும் கறுப்பு ரொட்டியும் சமோவாரும் நமக்கு அறிமுகமாயின. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் முதலியோர் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்த காலம் அது. அந்நூல்களில் உண்பவர் பெரும்பாலும் உழவரும் ஆலைத் தொழிலாளரும் படைவீரரும் ஆவர். அவர்கள் உண்ட காஷா நமக்கு அயலானது அன்று. பனிவரகில் காய்ச்சும் காஷாவும் உண்டு. பனிவரகோ நம் கல்வராயன் மலைச் சாமைக்கு ஓரினப் பயிர். கறுப்பு ரொட்டியை நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு எடுக்கும் குவாஸ் நம் நீராகாரத்திற்குத் தம்பி முறை எனலாம்.

இந்த உணவை நாடி அயல்நாட்டு ருஷ்ய உணவு விடுதி ஒன்றில் நுழையும் தமிழ் வாசகன் திகைக்கவே செய்வான். அங்கே அவன் காண்பது வேறொரு ருஷ்யா. 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறிய பிரபுக்களும் படைத்தலைவர்களும் கலைஞர்களும் பாரிசிலும் ஷாங்காயிலும் குடியேறினர். பிழைக்க வழியற்றவர்களுக்கு நினைவில் இருந்த விருந்தே முதலாயிற்று. நியூயார்க்கில் 1927இல் தோன்றிய ‘ருஷ்யத் தேநீரகம்’ பேரரசு நடனக் குழுவைச் சேர்ந்தோரின் முயற்சியே. இத்தகைய விடுதிகளில் பரிமாறப்பட்டது மாளிகைப் பந்தி. சமைத்து உண்டவன் வீட்டுப் பந்தி அன்று.

நமக்கு மிக அருகில் இருந்த ருஷ்ய விருந்து மேசை காட்மாண்டுவில் இருந்தது. அதை அமைத்த போரிஸ் லிசானெவிச் 1905இல் கருங்கடற்கரை நகரான ஒதேசாவில் பிறந்தவர். தியாகிலெவின் புகழ்பெற்ற பாலே குழுவில் ஆடியவர். நடனச் சுற்றுலாவாகக் கீழை நாடுகளுக்கு வந்தவர், கல்கத்தாவில் 1936இல் ‘முந்நூறு கிளப்’ என்பதைத் தொடங்கினார். வெள்ளையர் மட்டுமே நுழையக்கூடிய கிளப்புகள் நிறைந்திருந்த அந்நகரில் இந்தியரும் ஐரோப்பியரும் ஒருங்கே அமர்ந்து உண்ட இடம் அது. அவர் சமைத்தளித்த எல்லாவற்றையும்விட அதுவே அவருடைய பெருஞ்செயல் என்பது என் எண்ணம். அங்கு நேபாள மன்னர் திரிபுவனின் நட்பு வாய்த்தது. 1950களில் பழைய ராணா அரண்மனை ஒன்றில் போரிஸ் ராயல் ஹோட்டலை நடத்தினார். 1956இல் மகேந்திர மன்னரின் முடிசூட்டு விழா விருந்தும் அவர் பொறுப்பாயிற்று. அயலாருக்கு அண்மையில்தான் கதவு திறந்திருந்த பள்ளத்தாக்கில், வானூர்தியில் வரவழைத்த பண்டங்களைக்கொண்டு, உள்ளூர்ப் பணியாளர் துணையோடு ஒதேசா நினைவை அவர் சமைத்தார். 1985இல் காட்மாண்டுவிலேயே மறைந்தார்.

‘அசல்’ என்ற சொல்லைச் சற்றே உரசிப் பார்ப்போம். நம் நகர விடுதிகளின் உணவுப் பட்டியலில் ‘ரஷ்யன் சாலட்’ உண்டு. அதன் மூலவர் லூசியன் ஒலிவியே, 1860களில் மாஸ்கோவின் ஹெர்மிடாஜ் விடுதியை நடத்திய, ருஷ்யரல்லாத மரபினர். காட்டுக்கோழி இறைச்சியும் நன்னீர் இறாலும் சேர்ந்த அந்தக் கலவையில், சோவியத் காலத்தில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் மலிவான இறைச்சியும் புகுந்தன. நம்மிடம் வந்தபோது இறைச்சியும் விடைபெற்றது. இன்று தட்டில் இருப்பதில் ருஷ்யாவின் பங்கு பெயரளவே. லண்டனில் 1926இல் எட்வர்டு பாமர் என்ற ஆங்கிலோ-இந்தியர் தொடங்கிய ‘வீராசாமி’யில் நம் உணவைத் தேடிச் செல்லும் தமிழனுக்கும் இதே ஐயம் எழக்கூடும்.

ருஷ்ய விருந்து என்றால் ஓட்காவை எழுதியாக வேண்டும் என்பர். கருணாபுரத்தில் வாழ்வோர் படிக்கும் மலரில் அதை இரசித்து எழுத எனக்குக் கை வரவில்லை. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் இங்கே அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2016 டிசம்பரில் சைபீரியாவின் இர்குட்ஸ்க் நகரில், ஓட்கா வாங்க இயலாத ஏழைகள் குளியல் திரவத்தைக் குடித்தனர், அதிலும் மெத்தனால். எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெளிநாட்டு விடுதியின் பளிங்குக் கிண்ணம் இந்த ருஷ்யாவையும் காட்டுவதில்லை.

மாளிகைப் பந்தியில் இடம்பெற்ற உழவர் உணவு ஒன்று உண்டென்றால் அது போர்ஷ். அதற்கும் இன்று உரிமை வழக்கு. உக்ரைன்மீது ருஷ்யா பெரும்போர் தொடுத்த 2022ஆம் ஆண்டின் ஜூலை முதல் நாளன்று, உக்ரைனியப் போர்ஷ் சமைக்கும் பண்பாட்டை உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. போரிஸ் பிறந்த ஒதேசா உக்ரைனில் இருக்கிறது. காட்மாண்டுவில் அவர் பரிமாறிய போர்ஷை விருந்தினர் ருஷ்ய உணவு என்றே சொல்லி உண்டனர்.