வாளை இழந்த அரண்மனை

1799ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் நாகலாபுரத்தில் ஒரு தூக்குமரம் நின்றது. பாஞ்சாலங்குறிச்சியின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை அதில் தூக்கிலிட்டான் மேஜர் பானர்மன். பின்னர் அவருடைய தலையைக் கொய்து பாஞ்சாலங்குறிச்சிக்குக் கொண்டுபோய் ஈட்டியில் செருகிக் காட்சிக்கு வைத்தனர். இச்செயலுக்கு நாகலாபுரம் வாய்த்தது தற்செயல் என்று தோன்றவில்லை. கட்டபொம்மன் பக்கம் நின்ற பாளையங்களுள் நாகலாபுரமும் ஒன்று. அதன் பாளையக்காரரின் தம்பி சவுந்தரபாண்டிய நாயக்கரும் கொல்லப்பட்டார், பாளையம் பறிமுதலாயிற்று. ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகியவற்றுக்கும் அதே கதிதான். கரிசல் மண்ணில் ஓர் அரசமரபு அழிவதற்கு ஒரு மழைக்காலம்கூடத் தேவைப்படவில்லை.

அதே கரிசலில், ஒரு பகல் மாட்டுவண்டிப் பயணத் தொலைவில், எட்டயபுரம் மட்டும் அசையாமல் நின்றது. கம்பெனிப் படையோடு அதன் படையும் சென்றது. கோலார்பட்டியில் கட்டபொம்மனை வளைத்துக்கொண்டதும் அப்படையே. ஆயினும் அவரைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் என்பதை வரலாறு அறியும். 'எட்டப்பன்' என்னும் பெயர் மட்டும் துரோகத்திற்கு மறுபெயராகி, 1959இல் வெளிவந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்திற்குப் பின் சிறுவர் நாவிலும் ஏறிற்று. எட்டயபுரத்தார் நிரபராதிகள் என்று இங்கு வழக்காட வேண்டியதில்லை. 1801இல் ஊமைத்துரையின் பாஞ்சாலங்குறிச்சியை எதிர்த்தும் அவர்கள் படை நின்றது. வினவத்தக்கது வேறொன்று: வென்ற பக்கம் நின்றவர்க்குக் கிடைத்தது என்ன?

பாஞ்சாலங்குறிச்சி நிலங்களில் ஒரு பங்கு கிடைத்தது. மணியாச்சியும் மேல்மாந்தையும் மற்றப் பங்குகளைப் பெற்றன. ஆனால் 1801 டிசம்பரில் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், நண்பர் பகைவர் என்று பாராமல் பாளையக்காரர் அனைவரின் கோட்டைகளையும் ஆயுதங்களையும் ஒழித்தது. தேசகாவல், தலக்காவல் என்னும் காவல் உரிமைகளைக் கம்பெனி தன்வசப்படுத்திக்கொண்டது. 1803இல் நிரந்தரத் தீர்வைச் சனது கைக்கு வந்தபோது, பாளையக்காரர் ஜமீன்தார் ஆகியிருந்தார். குடிகளிடம் வாரம் வாங்கலாம். அதில் பேஷ்குஷ் கட்ட வேண்டும். போர் தொடுக்கவோ உயிர்த் தண்டனை விதிக்கவோ முடியாது. பட்டத்திற்குரிய பிள்ளை வயதடையாதவனாயின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்னும் அரசுத்துறை ஜமீனையே எடுத்து நடத்தும். நாகலாபுரத்தார் ஒரே நாளில் இழந்ததை எட்டயபுரத்தார் காகிதம் காகிதமாக இழந்தனர்.

ஆட்சியிற் குறைந்ததைக் கலையில் நிறைத்துக்கொள்ள முயன்றது அவ்வரண்மனை. கடிகைமுத்துப் புலவர் காலந்தொட்டே அது புலவரை ஆதரித்த இடம். வாள் போனபின் ஆதரவு ஒன்றே அரசலட்சணம் ஆயிற்று. மேலைநாட்டுப் பிடிலைக் கருநாடக இசைக்குப் பழக்கிய பாலுசாமி தீட்சிதர் இங்கு ஆஸ்தான வித்துவானாக இருந்தார். அவர் தமையனார் முத்துசாமி தீட்சிதர் வழியில் வறண்ட கரிசலைக் கண்டு அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்பது செவிவழிச் செய்தி. (வானம் பார்த்த பூமியில் பிறந்த கதை வேறெதைப் பற்றியதாக இருக்கும்!) 1835ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில் அவர் எட்டயபுரத்திலேயே மறைந்தார், சமாதியும் அங்கேதான். பாலுசாமியின் பெயரரும் தத்துப் புத்திரருமான சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சகத்தில் அச்சேறியது. ஏறத்தாழ 1,700 பக்கங்கள். ஒரு சிற்றூர் ஜமீனின் துணையின்றி அந்நூல் வெளிவந்திராது. முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் இன்று சுர தாளத்தோடு நமக்குக் கிடைப்பதற்கு அதுவே பெருந்துணை. எட்டப்பர் மரபின் கணக்கைத் தீர்ப்பவர் இதனையும் ஏட்டில் எழுதியாக வேண்டும்.

இசைவாணரோடு பொருந்திய அரண்மனை கவிஞனோடு பொருந்தவில்லை. சின்னசாமி ஐயர் அரண்மனையைச் சார்ந்து வாழ்ந்தவர்; கரிசல் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் ஆலை தொடங்கி நொடித்துப் போனவர். அவர் மகன் சுப்பிரமணியனுக்கு 1893இல், பதினொரு வயதில், அவ்வவையில் 'பாரதி' என்னும் பட்டம் கிடைத்தது. 1897இல் அச்சிறுவன் படிப்புக்குப் பொருளுதவி வேண்டி மன்னருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதினான். மறுஆண்டு தந்தை இறந்தார். பிள்ளை காசிக்குப் போனான். தில்லி தர்பாருக்குச் சென்ற மன்னர் காசியில் பாரதியைக் கண்டு உடன் அழைத்துவந்தார் என்பர். தில்லியில் வைசிராய்முன் வரிசையில் நின்ற ஒருவருக்கு, ஊர் திரும்பியதும் தம்முன் நிற்க ஒரு கவிஞன் வேண்டியிருந்தது போலும். 1904இல் பாரதி அவ்வேலையை விட்டு மதுரைக்குச் சென்றார். அவ்வாண்டே சென்னையில் 'சுதேசமித்திரன்' அலுவலகத்தில் அமர்ந்தார். புதுச்சேரியில் இருந்தபோது எழுதிய 'சின்னச் சங்கரன் கதை'யில் கவுண்டனூர் ஜமீன்தாரும் அவர் சபைப் புலவர்களும் படும் பாட்டைக் கண்டவர்க்கு, எந்த அரண்மனை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்நகையில் கசப்பு உண்டு. அதிகாரம் போனபின் வேளைதோறும் சடங்கு நடத்தும் ஒரு மனிதனைக் கண்ட இரக்கமும் உண்டு.

இரக்கம் எதிர்த்திசையிலிருந்து வரவில்லை. 1919இல் கடையத்தில் வறுமையோடு இருந்த பாரதி, மன்னர் வேங்கடேசுர எட்டப்பருக்குச் சீட்டுக்கவி எழுதினார். பயன் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் உரைநடையில் மற்றொரு கடிதம் எழுதினார். எட்டயபுரம் அரசமரபின் வரலாறாகக் கவிகேசரி சாமி தீட்சிதர் 1879இல் எழுதிய 'வம்சமணி தீபிகை'யை நல்ல தமிழில் திருத்தி எழுதித் தருவதாக அதில் கேட்டுக்கொண்டார். எட்டப்பர் வரலாற்றைப் பாரதி எழுதியிருப்பின் அது எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணாத கவிஞர் இரார். அரண்மனை அதற்கும் வாய் திறக்கவில்லை. இரண்டாண்டில் பாரதி மறைந்தார்.

1947 அக்டோபரில், கல்கியின் முயற்சியால் பொதுமக்கள் தந்த பணத்தில் எழுந்த பாரதி மணிமண்டபத்தை எட்டயபுரத்தில் இராஜாஜி திறந்துவைத்தார். மறுஆண்டு, 1948இன் 26ஆம் சட்டம், சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழித்தது.