துவக்கும் குறிப்பேடும்: இலங்கையிற் பறவை நோக்கலின் வரலாறு

ஒரு நாட்டின் பறவைகளைப் பற்றிய அறிவு நூல்களிலே தொடங்குவதன்று. வயலிலும் குளக்கரையிலும் களப்போரத்திலும் அப்பறவைகளைக் கண்டவர்களே அதன் முதற் சாட்சிகள். எனினும், கண்டது எழுதப்படாவிடின் அது கண்டவரோடு மறைந்துவிடும். எந்தப் பறவை, எந்த இடத்தில், எந்த நாளில், எத்தனை என்னும் நான்கு வினாக்களுக்கு விடையளிக்கும் சிறு குறிப்பே பறவையியலின் அடிக்கல் எனலாம். இலங்கையில் அக்குறிப்பை எழுதும் பொறுப்பு யார் கையிலிருந்து யார் கைக்கு மாறிற்று என்பதையும் அம்மாற்றத்தால் விளைந்த பயனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கைப் பறவைகளை முறையாகப் பதிவுசெய்யும் முயற்சி ஒல்லாந்தர் காலத்திலே அரும்பியது. 1752 முதல் 1757 வரை ஆளுநராகவிருந்த யோன் கிடியன் லோட்டன் என்பார், இலங்கையிற் பிறந்த ஓவியரான பீற்றர் கொர்னேலிசு டி பெவேரைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். அவ்வோவியங்கள் ஐரோப்பாவை அடைந்து, அங்குள்ள இயற்கையியலாளரின் நூல்களுக்கு மூலங்களாயின. நீண்டு வளைந்த அலகினையுடைய தேன்சிட்டு ஒன்றுக்கு லின்னேயசு 1766 இல் லோட்டனின் பெயரைச் சூட்டினார். வரைவித்தவர் பெயர் பறவையில் நிலைத்தது. வரைந்தவர் பெயரோ ஆய்வாளர் மட்டும் அறிந்ததாயிற்று. பெயர் பெறுவதில் அமைந்த இவ்வேற்றுமை பின்வந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பறவையை அறிதல் என்பது பெரும்பாலும் அதனைச் சுட்டு வீழ்த்துதலாகவே இருந்தது. தோலுரித்துப் பதப்படுத்திய மாதிரி கையில் இருந்தாலன்றி ஓர் இனத்தின் இருப்பை அறிஞர் ஏற்கமாட்டார். இலங்கையிற் பிறந்து இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய எட்வேட் பிரெடரிக் கெலாட் 1852 இல் இந்நாட்டு விலங்கினங்கள் பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில், 1846 இல் இங்கு வந்து அரசாங்க சேவையில் அமர்ந்த எட்கார் லெயாட் என்பார் பெருந்தொகையான மாதிரிகளைச் சேகரித்துத் தொடர் கட்டுரைகளாக எழுதினார்.

லெயாட்டின் எழுத்துக்களிலே தமிழர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பருத்தித்துறையிற் பெறப்பட்ட சிறிய ஈப்பிடிப்பான் ஒன்றை அவர் 1854 இற் புதிய இனமாக விவரித்து, தம் ஊழியரான முத்து என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார். பழுப்பு மார்பினையுடைய அப்பறவை வடகிழக்கு இந்தியா, சீனா முதலிய பகுதிகளிற் கூடுகட்டி, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருவதாகும். ஆளுநர், தளபதி, செல்வர் ஆகியோரின் பெயர்களாலே பறவைகள் அழைக்கப்பட்ட காலத்தில், பறவையைத் தேடிக் கொணர்ந்த ஊழியர் ஒருவரின் பெயர் இலத்தீன் வடிவம் பெற்று உலகெங்கும் வழங்குவது அரிய நிகழ்ச்சியே. ஆயினும் இதன் மறுபக்கமும் நோக்கற்பாலது. புதரிலே பறவையைப் பிரித்தறிந்த கண் முத்துவினுடையது, குறிப்பேடு லெயாட்டினுடையது. அறிந்தவன் ஒருவன், எழுதியவன் மற்றொருவன் என்னும் நிலையை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகின்றது.

1868 முதல் 1877 வரை இலங்கையிற் பணியாற்றிய பீரங்கிப்படை அதிகாரி வின்சென்ற் லெக் என்பாரின் பெருநூல் 1878 தொடக்கம் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. பறவைகளின் உருவத்தோடு அமையாது, அவற்றின் வாழிடம், பழக்கவழக்கம், கூடு, முட்டை, பரம்பல் ஆகியவற்றையும் அந்நூல் விரித்துரைத்தது. அன்றியும், மக்கள் வழங்கிய சிங்களப் பெயர்களையும் தமிழ்ப் பெயர்களையும் லெக் தேடிப் பதிந்தார். அவை கிராமத்தவரின் வாயிலிருந்து பெறப்பட்டவை என்பதை நினைவிற் கொள்ளின், பறவைகளை இனம்பிரித்துப் பெயரிட்டு அழைத்த ஓர் அறிவுமரபு ஏற்கெனவே இங்கிருந்தமை புலனாகும். அம்மரபுக்கு இல்லாதிருந்தது தேதியிட்ட பதிவு ஒன்றே.

இருபதாம் நூற்றாண்டிலே துவக்கின் இடத்தைத் தொலைநோக்கி படிப்படியாகப் பெற்றது. 1937 இன் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1938 இற் குமண போன்ற இடங்கள் சரணாலயங்களாக்கப்பட்டமையும் காலத்தின் போக்கைக் காட்டின. கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜோர்ஜ் மொரிசன் ஹென்றி, தாமே வரைந்த படங்களுடன் 1955 இல் வெளியிட்ட கைந்நூல், உயிருடனுள்ள பறவையைத் தூரத்தில் நின்றே இனங்காணும் ஆற்றலைச் சாதாரண வாசகருக்கும் அளித்தது.

இம்மாற்றத்திற்கு நிறுவன வடிவம் தந்தது 1943 இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகமாகும். உறுப்பினர் தத்தம் உலாக்களிற் கண்டவற்றை எழுதியனுப்ப, அவை தொகுக்கப்பட்டு மாதந்தோறும் குறிப்புகளாக வெளிவந்தன. ஒரு குளத்தில் இவ்வளவு வாத்துக்கள், ஒரு தோட்டத்தில் இந்த நாளில் முதல் வலசைப் பறவை என்றவாறு அமையும் செய்திகள் தனித்தனியே நோக்குமிடத்து அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அவை பல்லாண்டுகள் திரண்டபோது, எவ்வினம் பெருகிற்று, எவ்வினம் அருகிற்று என்பதைக் காட்டும் சான்றுகளாயின. தனியொரு பேரறிஞரின் நூல் செய்யவியலாத பணியைப் பலரின் சிறு குறிப்புகள் செய்தன. 1987 இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் இலங்கைப் பணியை இக்கழகம் ஒருங்கிணைத்தது.

எனினும் அக்குறிப்புகள் ஆங்கிலம் கற்ற சிறு வட்டத்தினருக்கே பெரிதும் எட்டின. 1976 இற் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பேராசிரியர் சரத் கொட்டகம தோற்றுவித்த இலங்கைக் களப் பறவையியற் குழு, விரிவுரைகளாலும் களப்பயணங்களாலும் மாணவரையும் ஆசிரியரையும் இத்துறைக்கு ஈர்த்தது. தோட்டத் துரைமாரின் பொழுதுபோக்காயிருந்த ஒன்று பொதுமக்களின் கல்வியாக மாறத் தொடங்கியது.

பயிற்சி பெற்ற களநோக்கரின் ஆற்றலுக்குச் சான்றொன்று கூறலாம். 1995 இற் கித்துல்கலைக் காட்டில் இனந்தெரியாத ஆந்தைக் குரலொன்றைத் தீபால் வரக்காகொட செவிமடுத்தார். அறிந்த குரல்கள் யாவற்றையும் நன்கு பழகியிருந்தமையாலேயே அறியாத குரலை அவர் பிரித்துணர்ந்தார். ஆறாண்டுகளின் பின், 2001 சனவரியில், அப்பறவை கண்ணுக்குத் தென்பட்டது. 2004 இற் புதிய இனமாக விவரிக்கப்பட்ட அச்சிறு ஆந்தைக்கு, சிங்கராஜ வனத்தைக் காக்கப் போராடிய தீலோ ஹொஃப்மனின் பெயர் சூட்டப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இலங்கையில் இத்தகைய கண்டுபிடிப்பு நிகழ்ந்ததில்லை.

இவ்வரலாற்றிலே வடபுலம் தனித்து நோக்கத்தக்கது. மத்திய ஆசிய வலசைப் பாதையின் தெற்கு எல்லையை அண்டிய மன்னாரும் யாழ்ப்பாணக் களப்புகளும் பூநாரைகளுக்கும் வாத்துக்களுக்கும் கரைப்பறவைகளுக்கும் புகலிடங்களாகும். ஆயின் 1983 முதல் 2009 வரை நீடித்த போர், மக்களின் உயிரையும் உடைமையையும் பறித்ததோடு, இத்தகைய பதிவுகளின் தொடர்ச்சியையும் குலைத்தது. பறவைகள் ஆண்டுதோறும் வந்தன. அவற்றை எண்ணுவோர் தடையின்றிச் செல்ல முடியவில்லை. 2008 இற் சரணாலயமாக்கப்பட்ட வங்காலை 2010 இல் றம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

பதிவின் பெறுமதி அண்மைக்காலத்தில் மேலும் தெளிவாயிற்று. 2020 திசெம்பரில் மன்னார்த் தீவின் கரையோரத்தில் 30 காற்றாடிகளைக் கொண்ட மின்னிலையம் திறக்கப்பட்டது. மேலும் காற்றாலைகளை நிறுவ முனைந்தபோது, 2024 இல் வலசைப் பறவைகளின் நலனை முன்னிறுத்திய மனுக்கள் உயர் நீதிமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டன. மின்சாரமும் நாட்டுக்கு வேண்டும். பறவைகளின் வழியும் காக்கப்பட வேண்டும். இரண்டையும் சீர்தூக்கும்போது உணர்ச்சியுரைகள் போதா. எந்தப் பறவை, எங்கே, எப்போது, எத்தனை என்னும் பழைய நான்கு வினாக்களே அவ்விடத்தும் எழுகின்றன. ஆண்டுக்கணக்கிற் பதிந்த குறிப்பேடு உள்ளவரே அவற்றிற்கு விடை கூறவல்லர்.

லோட்டனின் ஓவியத் தொகுதியிலிருந்து கழகங்களின் மாதக் குறிப்பு வரை நீளும் இவ்வரலாறு, பறவையியல் செல்வரின் உரிமையன்று என்பதைத் தெளிவுபடுத்துகின்றது. காலைப்பொழுதில் ஊர்க் குளத்தைச் சுற்றிவரும் மாணவனும், களப்பிலே வலைவீசும் மீனவரும், தாம் காண்பதைத் தமிழிலே நாளும் இடமும் குறித்து எழுதுவார்களாயின், அது அறிவுலகின் பொதுச் சொத்தாகும். முத்துவின் கண்கள் இம்மண்ணில் என்றும் இருந்தன. அக்கண்களுக்குரியவர் தம் கையாலேயே குறிப்பேட்டை நிரப்புதல் இனி நிகழவேண்டியதாகும்.