அக்கூப்: ஒரு முட்செடியும் அதனைக் கொய்வோர் உரிமையும்

ஒரு மக்களின் வரலாற்றை அவர்தம் உணவிலும் கண்டுகொள்ளலாம். பலஸ்தீனம், சிரியா, துருக்கி, ஈரான் ஆகிய நாடுகளின் கற்பாங்கான சரிவுகளில் தானே முளைக்கும் அக்கூப் என்னும் முட்செடி இதற்குத் தக்க சான்றாகும். எவரும் விதையாத இச்செடி எவருக்கு உரியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அக்கூப் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுத் தாவரம். ஆழச்செல்லும் அதன் ஆணிவேர் வரண்ட கோடையைத் தாங்கி நிற்கும். மாரிமழை பெய்ததும் வேரின் தலைப்பிலிருந்து இலைகள் நிலத்தோடு ஒட்டி வட்டமாக விரியும். முட்கள் வன்மையுறுமுன், இளவேனிற் காலத்தில், இளந்தண்டையும் விரியாத பூந்தலையையும் மக்கள் கொய்வர். முட்களைச் சீவி நீக்கியபின் ஒலிவ எண்ணெயில் வதக்கியும் இறைச்சியோடு சமைத்தும் உண்பர். கொய்யப்படாத செடி பூத்துக் காய்ந்து, அடியில் முறிந்து, காற்றில் உருண்டோடி விதை பரப்பும். நமது கடற்கரை மணலில் உருளும் இராவணன் மீசையை இங்கு ஒப்புநோக்கலாம்.

இச்செடியின் பயன்பாடு மிகத் தொன்மையானது. தென்கிழக்குத் துருக்கியிலுள்ள ஹலான் செமி என்னும் கற்காலக் குடியிருப்பில், பயிர்ச்செய்கை வேரூன்றுமுன்னரே, இதன் கரிந்த எச்சங்கள் கிடைத்துள்ளன. ஆயினும், 1753 இல் லின்னேயஸ் பதித்த விஞ்ஞானப் பெயர் 1700 - 1702 காலப்பகுதியில் கீழைத்தேயங்களிற் பயணஞ்செய்த தூர்ணபோர், குண்டெல்சைமர் என்னும் இரு ஐரோப்பியரையே நினைவுகூருகின்றது. தலைமுறைகளாக அதனை உண்டு வந்தோர் அப்பெயரில் இடம்பெறவில்லை.

2005 இல் இஸ்ரேல் அரசு அக்கூப்பைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாக அறிவித்தது. அதன்பின் செடி கொய்தோர் தண்டத்திற்கும் வழக்கிற்கும் உள்ளாயினர். அவர்களிற் பெரும்பாலோர் அரபு மக்களே. அரசு முன்வைத்த காரணத்தை முற்றாக ஒதுக்கிவிடவும் இயலாது. பூந்தலையை உண்டால் விதை உண்டாகாது. சந்தைக்கென அளவின்றிக் கொய்யின் செடி அருகும். எனினும், வேரை விட்டுத் தண்டை மட்டும் அறுத்தால் மறு ஆண்டும் அது தளிர்க்கும் என்பதைக் கொய்வோர் நன்கறிவர். அவ்வறிவைக் கேளாது இயற்றப்பட்ட சட்டம், பாதுகாப்பு என்னும் பெயரால், நிலம் இழந்தோரின் உணவையும் பறித்தது எனலாம். எதிர்ப்புகளின் பின்னர், 2020 அளவில், வீட்டுத் தேவைக்குச் சிறிதளவு கொய்வது அனுமதிக்கப்பட்டது.

செடியைக் காப்பது அவசியமே. ஆனால் அதனைக் காத்து உண்டவரைக் குற்றவாளிகளாக்கிச் செய்யும் பாதுகாப்பு நிலைபெறாது. நிலத்தை அறிந்தவரின் குரலுக்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்பதே அக்கூப்பின் வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.