கடலடிக்குச் சென்ற தாபான் பால்

அண்மையில் பல் மருத்துவர் என் பல்லின் வேரில் ஏதோ அடைத்தார். அதன் பெயரைக் கேட்டேன்; 'கட்டா பெர்ச்சா' என்றார். மலாய்மொழியின் 'கெத்தா பெர்ச்சா' தானே அது! நம் காட்டுத் தாபான் மரத்தின் பால்.

பால் என்றதும் நம்மவர்க்கு இரப்பர் மரமே நினைவுக்கு வரும். ஆயினும் 1877இல் இரப்பர் கன்றுகள் இங்கு வருமுன்பே தாபான் பால் கடல்கடந்து புகழ்பெற்றுவிட்டது. வெந்நீரில் இட்டால் குழையும், ஆறியதும் இறுகும். மலாய்க்காரர்கள் அதனைப் பாராங் கத்திக்குப் பிடியாக்கினர். சிங்கப்பூரில் இதனைக் கண்ட மருத்துவர் வில்லியம் மோன்ட்கோமரி, 1843இல் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். கடல்நீர் அதனை அரிப்பதில்லை; மின்சாரமும் அதனூடே கசிவதில்லை. எனவே கடலடித் தந்திக் கம்பிகளுக்கு அதுவே உறையாயிற்று. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே, 1866இல் அட்லாண்டிக்கில். 1871இல் சென்னையைப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருடன் இணைத்த கம்பியும் அத்தகையதே. நம் முன்னோர் நாள்கணக்கில் கப்பலேறிக் கடந்த அதே கடல்!

இரப்பர் மரத்தைச் சீவினால் பால் வடியும், மரமும் பிழைத்திருக்கும். தாபான் பால் அவ்வாறு ஒழுகாது, வெட்டுவாயிலேயே உறைந்துவிடும். ஆதலால் மரத்தையே சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டித் திரட்டினர். ஒரு மரத்திற்குக் கிடைத்ததோ சொற்பம். அந்நூற்றாண்டு முடிவதற்குள் பெருமரங்கள் அரிதாகிவிட்டன. சாவகத்தின் சிபெதிரில் டச்சுக்காரர்கள் 1885இல் தோட்டம் அமைத்தனர். பின்னர் அங்கு இலைகளை நசுக்கியே பாலெடுத்தனர்.

என் வகுப்பில் எவரும் இம்மரத்தைக் கண்டதில்லை, நானும்தான். பள்ளியில் நடுவதற்குக் கன்று தேடுகிறேன். கிடைக்குமிடம் அறிந்தோர் தெரிவித்தால் நன்றியுடையேன்.